பன்னிரண்டு வோல்ற்றும் ஆயிரம் அம்பியரும்: வீட்டில் கட்டிய காரில் குறுஞ்சுற்றைத் தடுத்தல்

மாணவர்களே, மின்னியல் அலகில் குறுஞ்சுற்று பற்றிக் கேட்கப்படும் சிறு வினாக்களுக்குப் பலர் ஒரே மாதிரியான விடையை எழுதிவிடுகின்றனர். "வயர்கள் ஒன்றோடொன்று தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும், உருகி எரியும்." இது பிழையன்று. ஆனால் ஏன் எரிகிறது, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது, எந்த இடத்தில் உருகி வைக்க வேண்டும் என்று அடுத்த பகுதியில் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. அடுத்த பகுதிக்குத்தான் கூடுதல் புள்ளிகள். ஆகவே ஒரே உதாரணத்தை எடுத்து இறுதிவரை பார்ப்போம். நாம் எடுப்பது ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் தானே கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்.

யட்டியாந்தோட்டையில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். அவிசாவளையிலிருந்து உங்கள் நகரின் ஊடாகக் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹற்றன் வழியே நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 வீதியில் எத்தனை வகை வாகனங்கள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீதி ஏறி முடியும் நுவரெலியாவில்தான் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. அதுமட்டுமன்று. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் உங்களில் சிலர் கராஜ்களில் தொழில் பழகச் செல்வீர்கள். அங்கே முதல் வாரத்திலேயே கையில் ஸ்பானரைக் கொடுத்துப் பற்றரியைக் கழற்றச் சொல்வார்கள். கீழே வரும் கணக்குகள் அப்போது உங்கள் விரலுக்கும் கண்ணுக்கும் உரிய கணக்குகளாகிவிடும்.

பன்னிரண்டு வோல்ற்று ஆபத்தானதா?

கார்களில் உள்ளது ஈய அமிலச் சேமிப்புக்கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்ட மின்கலவடுக்கு ஆகும். இவ்வகைக் கலத்தைப் பிரான்சிய விஞ்ஞானி கஸ்ரன் பிளாந்தே 1859 இல் ஆக்கினார். ஒரு கலத்தின் மின்னியக்கவிசை ஏறத்தாழ 2 வோல்ற்று. ஆறு கலங்களுக்கு 12 வோல்ற்று.

இதன் இரு முடிவிடங்களையும் உலர்ந்த கைகளால் தொட்டால் ஒன்றும் தெரியாது. உலர்ந்த தோலினூடாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு உள்ள தடை 10,000 ஓம் எனக் கொள்வோம். மின்னோட்டம் 12 ÷ 10,000 = 0.0012 அம்பியர், அதாவது 1.2 மில்லியம்பியர். உடல் இதைப் பொருட்படுத்தாது. "கார்ப் பற்றரி அடிக்காது, பயமில்லை" என்று கராஜ்களில் சொல்வது இதனால்தான்.

இப்போது கைக்குப் பதிலாக ஓர் இரும்பு ஸ்பானர் இரு முடிவிடங்களுக்கும் குறுக்கே விழுந்துவிட்டது எனக் கொள்வோம். ஸ்பானரினதும் அது தொடும் இரு இடங்களினதும் மொத்தத் தடை 0.002 ஓம். ஓமின் விதியை நினைத்தவுடன் பல மாணவர்கள் 12 ÷ 0.002 = 6000 அம்பியர் என்று எழுதிவிடுவார்கள். இங்கேதான் தவறு. மின்னோட்டம் ஸ்பானரினூடாக மட்டும் பாய்வதில்லை. சுற்று முழுமையடைய அது மின்கலவடுக்கின் உள்ளேயும், ஈயத் தட்டுகளினூடாகவும் அமிலத்தினூடாகவும், பாய வேண்டும். அந்த உட்பகுதிக்கும் ஒரு தடை உண்டு. அதுவே அகத்தடை. நல்ல நிலையிலுள்ள கார் மின்கலவடுக்கின் அகத்தடை மிகச் சிறியது. நாம் 0.01 ஓம் என எடுப்போம்.

மொத்தத் தடை = 0.01 + 0.002 = 0.012 ஓம்
மின்னோட்டம் = 12 ÷ 0.012 = 1000 அம்பியர்

இனி வெப்பம். ஒரு தடையில் ஒரு செக்கனில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வருவது.

ஸ்பானரில்: 1000 × 1000 × 0.002 = 2000 உவாற்று
மின்கலவடுக்கின் உள்ளே: 1000 × 1000 × 0.01 = 10,000 உவாற்று

ஒரு பெரிய மின்கேத்தல் நீரைக் கொதிக்க வைக்க எடுக்கும் வலு ஏறத்தாழ 2000 உவாற்று. கேத்தலில் ஒன்றரை லீற்றர் நீர் இருக்கும். இங்கே இருப்பது 200 கிராம் இரும்பு. இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு 460 யூல் என எடுத்தால், ஸ்பானரை ஒரு பாகை சூடாக்க 0.2 × 460 = 92 யூல் போதும். 2000 ஐ 92 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு செக்கனும் கிட்டத்தட்ட 22 பாகை! உண்மையில் நிலைமை இதிலும் மோசம். தடையின் பெரும்பகுதி ஸ்பானரின் நடுவில் இல்லை. அது முடிவிடத்தைத் தொடும் சிறு புள்ளிகளில் இருக்கிறது. வெப்பமும் அங்கேயே குவியும். உலோகம் அங்கே உருகி ஸ்பானர் முடிவிடத்துடன் ஒட்டிக்கொள்ளும். பிறகு இழுத்தாலும் வராது.

விரலில் மோதிரத்துடன் வேலை செய்த ஒருவரின் மோதிரம் ஸ்பானருக்கும் காரின் உடலுக்கும் இடையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். மோதிரத்தின் திணிவு சில கிராம் மட்டுமே. அதைச் சுற்றித் தோல் இருக்கிறது. வாகனத் தொழிலாளர்களுக்கு இவ்வகைத் தீப்புண் உலகெங்கும் ஏற்பட்டுள்ளது. எனவே மோதிரம், உலோகக் கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிய பின்பே பொனட்டைத் திறக்க வேண்டும்.

இங்கு ஒரு துணை வினா எழும். எட்டு டோர்ச் பற்றரிகளைத் தொடராக இணைத்தாலும் 12 வோல்ற்றுத்தானே, அவை ஏன் ஸ்பானரை உருக்குவதில்லை? ஓர் உலர்கலத்தின் அகத்தடை 0.5 ஓம் எனக் கொண்டால் எட்டுக்கும் 4 ஓம். குறுஞ்சுற்றாக்கினாலும் 12 ÷ 4 = 3 அம்பியர்தான். ஆகவே ஆபத்தை அளக்க வோல்ற்றை மட்டும் பார்த்தால் போதாது, அகத்தடையையும் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கட்டும் காரில் ஆபத்து ஏன் கூடுகிறது?

கம்பனி தயாரித்த காரில் ஒவ்வொரு வயரும் எங்கே போக வேண்டும் என்பதைப் பொறியியலாளர் பலர் ஆண்டுக்கணக்கில் யோசித்திருப்பார்கள். கொட்டகையில் கட்டுபவர் தனி ஆள். ஆனாலும் இப்படிக் கட்டியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். இங்கிலாந்தின் கொலின் சப்மன் 1948 இல் ஒரு பழைய ஒஸ்ரின் செவன் காரைக் கழற்றித் தன் முதற் காரைக் கட்டியது ஒரு வீட்டின் பின்னாலிருந்த கராஜில்தான். அவர் தொடங்கிய லோட்டஸ் கம்பனி 1957 இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். 1996 இல் ரொன் சம்பியன் என்பவர் 250 பவுண் செலவில் அதைப்போன்ற ஒரு காரைக் கட்டுவது எப்படி என்று நூல் எழுத, பல நாடுகளிலும் ஆட்கள் இரும்புக் குழாய்களை வெட்டத் தொடங்கினர்.

நம் மொழி பேசுவோரிலும் ஒருவர் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954-1995), மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஓர் ஆசனப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'போர்முலா மாருதி' எனப்பட்ட அந்தக் கார்களில் ஓடிப் பழகியவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005 இல் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதலாவது இந்தியரானார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் இன்று கரிவரதனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி அந்தக் கார்களின் அமைப்பைப் பாருங்கள். பாரம் குறைய வேண்டும் என்பதற்காகச் சட்டகம் மெல்லிய உருக்குக் குழாய்களால் ஆனது. மேலே மூடுவது அலுமினியத் தகடு. இரண்டும் நல்ல கடத்திகள். காரில் மின்னோட்டம் மின்கலவடுக்குக்குத் திரும்பி வரத் தனி வயர் இழுப்பதில்லை. மறை முடிவிடத்தைச் சட்டகத்துடன் இணைத்துவிடுவார்கள், சட்டகமே திரும்பும் வழியாகிறது. செம்பு மிச்சம், பாரமும் குறைவு. ஆனால் இதன் பொருள் என்ன? காரின் உலோக உடல் முழுவதும் ஒரு பெரிய மறை முடிவிடம். நேர் முடிவிடத்திலிருந்து வரும் எந்த வயரும் உறை உரிந்து எங்கே தொட்டாலும் குறுஞ்சுற்று.

பொனட்டின் உயரம் வேறு மிகக் குறைவு. அலுமினிய மூடி நேர் முடிவிடத்துக்கு மேலே விரலளவு இடைவெளியில் நிற்கும். கார் நிற்கும்போது தொடாது. குழியில் விழுந்து எழும்போது மின்கலவடுக்கு துள்ளினால் தொடும். இதற்காகத்தான் மின்கலவடுக்கை உலோகப் பட்டியால் இறுகக் கட்டுகிறார்கள். அந்தப் பட்டியே முடிவிடங்களுக்குக் குறுக்கே வராதபடியும் பார்க்க வேண்டும். நேர் முடிவிடத்தின் மேல் இறப்பர் அல்லது பிளாத்திக்கு மூடி இருக்க வேண்டும். பட்டி எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும் என்பதற்கு நியூற்றனின் இரண்டாம் விதி போதும். 12 கிலோகிராம் மின்கலவடுக்கு ஒரு மோதலில் செக்கனுக்குச் செக்கன் 200 மீற்றர் என்ற அமர்முடுகலுக்கு உள்ளானால், அதைப் பிடித்து வைக்கத் தேவையான விசை 12 × 200 = 2400 நியூற்றன். 240 கிலோகிராம் பாரத்தைத் தூக்கும் விசைக்கு இது சமன். மெல்லிய கம்பியால் கட்டினால் நிற்குமா என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

இறப்பரின் வேலை

கையால் வெட்டிய தகட்டின் ஓரம் சவர அலகு போல் கூராக இருக்கும். அதில் துளையிட்டு அதனூடாக வயரை இழுத்தால், எஞ்சின் அதிரும் ஒவ்வொரு தடவையும் தகடு பிவிசி உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒரு நாள் செம்பு வெளியே வரும். இதைத் தடுக்கத் துளையின் ஓரத்தில் இறப்பர் வளையம் ஒன்றைப் பொருத்துவர். சில சதம் பெறுமதியான பொருள்தான், ஆனால் என் கருத்தில் காரின் மின்வேலை முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள பாகம் வேறில்லை.

உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களின் கதையும் இதில் கலந்திருக்கிறது. இறப்பர்க் கன்றுகள் 1876 இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களனிப் பள்ளத்தாக்கில் அவை நன்றாக வளர்ந்ததை யட்டியாந்தோட்டைக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பால்வெட்டிக் கொண்டுவரும் இறப்பர்ப் பாலில் போமிக்கமிலம் சேர்த்துத் திரளச் செய்து தாளாக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளை அப்படியே வளையமாக வெட்டிப் போட்டால் எஞ்சின் சூட்டில் ஒட்டும் பசையாகிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி வல்கனைசுப்படுத்த வேண்டும். சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்த இந்த முறையில், இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. அதன்பின் இறப்பர் சூட்டில் இளகாது, குளிரில் நொறுங்காது, மீள்சக்தியும் இருக்கும். காவலியாகவும் அதிர்வு தாங்கியாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பொருள் வேண்டுமென்றால் இதுவே ஏற்றது. பரீட்சையில் "இறப்பர் வளையம் ஏன்?" என்று வந்தால் இந்த இரண்டு பண்புகளையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான்.

வயர் தொங்கக் கூடாது. பிரித்தானியாவில் தனியார் கட்டும் கார்களைப் பரிசோதிக்கும் விதியில், வயர்கள் குறைந்தது ஒவ்வொரு 30 சென்ரிமீற்றருக்கும் ஓரிடத்தில் பிடித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். புகைக்குழாய்க்கு அருகே வயரைக் கொண்டு போகவே கூடாது.

உருகி எங்கே இருக்க வேண்டும்?

இது இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி.

ஒரு காரின் முன்விளக்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் 60 உவாற்று. ஒரு விளக்குக்கு 60 ÷ 12 = 5 அம்பியர், இரண்டுக்கும் 10 அம்பியர். இதற்கு 15 அம்பியர் உருகி பொருத்தமானது. வயர் 2 மீற்றர் நீளமும் 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள செம்பு. இவ்வகை வயரின் தடை மீற்றருக்கு 0.017 ஓம். எனவே 2 மீற்றருக்கு 0.034 ஓம்.

உருகி இல்லாத நிலையில் இந்த வயரின் மறுமுனை சட்டகத்தைத் தொட்டுவிட்டது.

மொத்தத் தடை = 0.01 + 0.034 = 0.044 ஓம்
மின்னோட்டம் = 12 ÷ 0.044 = 273 அம்பியர் (அண்ணளவாக)
வயரில் பிறக்கும் வெப்பம் = 273 × 273 × 0.034 = 2530 உவாற்று (அண்ணளவாக)

இந்த 2 மீற்றர் வயரிலுள்ள செம்பின் திணிவு ஏறத்தாழ 18 கிராம். செம்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு 400 யூல் என எடுத்தால், அதை ஒரு பாகை சூடாக்க 0.018 × 400 = 7.2 யூல் போதும். 2530 ÷ 7.2 ஏறத்தாழ 350. ஒரே செக்கனில் 350 பாகை! சாதாரண பிவிசி உறை 70 பாகை செல்சியசு வரையான சூட்டுக்கே செய்யப்பட்டது. ஆகவே "புகை வந்தால் ஓடிப்போய்ப் பற்றரியைக் கழற்றலாம்" என்பது நடக்கக்கூடிய காரியமன்று. நீங்கள் பொனட்டின் கொக்கியைத் தேடும் முன்பே உறை எரிந்து, பக்கத்து வயர்களின் உறையும் எரிந்து, அவையும் குறுஞ்சுற்றாகியிருக்கும். அருகே பெற்றோல் குழாயும் செல்கிறது.

15 அம்பியர் உருகி இருந்தால் 273 அம்பியர் பாயும்போது அது செக்கனின் மிகச் சிறு பகுதியில் உருகிவிடும். வயர் சூடாக நேரமே கிடையாது. உருகி காப்பது விளக்கை அன்று, வயரை. இந்த வசனத்தின் கீழ் ஒரு கோடு இழுத்து வையுங்கள்.

இப்போது இடம். உருகியை விளக்குக்கு அருகே, வயரின் கடைசி முனையில் வைத்தால் என்ன? வயர் நடுவழியில் சட்டகத்தைத் தொட்டால் மின்னோட்டம் மின்கலவடுக்கிலிருந்து அந்த இடம் வரை வந்து சட்டகத்தில் இறங்கித் திரும்பிவிடும். உருகியை அது சந்திப்பதே இல்லை. உருகி முழுதாக இருக்கும், கார் எரியும். ஆகவே உருகி, மின்கலவடுக்கின் நேர் முடிவிடத்துக்கு இயன்றளவு அருகில் இருக்க வேண்டும். அதற்கும் முடிவிடத்துக்கும் இடையிலுள்ள துண்டு மட்டுமே பாதுகாப்பற்றது. அத்துண்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது.

உருகி அடிக்கடி எரிகிறது என்று அதற்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதைச் செய்பவர் வயரையே உருகியாக்குகிறார்.

பற்றரியைக் கழற்றும் ஒழுங்கு

மறை முடிவிடத்தை முதலில் கழற்று, நேர் முடிவிடத்தை முதலில் பூட்டு. இதைப் பாட்டுப் போல் பாடமாக்குவார்கள். காரணம் கேட்டால் தெரியாது. காரணம் இதுதான். நேர் முடிவிடத்தின் சுரையை ஸ்பானரால் திருப்பும்போது ஸ்பானரின் மறுமுனை சட்டகத்தில் பட வாய்ப்பு அதிகம். மறை முடிவிடம் இன்னும் சட்டகத்துடன் இணைந்திருந்தால், மேலே கணக்கிட்ட ஆயிரம் அம்பியர் அந்த ஸ்பானரினூடாகப் பாயும். மறை முடிவிடம் ஏற்கனவே கழற்றப்பட்டிருந்தால் சுற்று முழுமையடையாது. ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. மறை முடிவிடத்தைக் கழற்றும்போது ஸ்பானர் சட்டகத்தில் பட்டால்? இரண்டும் ஒரே அழுத்தத்தில் உள்ளன, மின்னோட்டம் பாயாது.

காரணத்தை அறிந்தவருக்கு இன்னொரு நன்மை உண்டு. பழைய மொறிஸ் மைனர் கார்கள் பலவற்றில் சட்டகத்துடன் இணைந்திருப்பது நேர் முடிவிடம்! அங்கே பாடமாக்கிய விதியைப் பின்பற்றினால் ஆபத்து. சட்டகத்துடன் எது இணைந்திருக்கிறதோ அதையே முதலில் கழற்ற வேண்டும். பழைய பிரித்தானிய எஞ்சினையும் மின்பாகங்களையும் எடுத்துக் கார் கட்டுபவர் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தீப்பொறி இன்னொரு காரணத்தாலும் ஆபத்தானது. மின்னேற்றம் செய்யும்போது, குறிப்பாக முழுமையாக ஏறிய பின்பும் தொடர்ந்தால், அமிலத்திலுள்ள நீர் மின்பகுப்படைந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவரும். வளியில் ஐதரசன் 4 சதவீதம் இருந்தாலே பற்றக்கூடியது. மூடிய கொட்டகையில் இரவு முழுவதும் மின்னேற்றிவிட்டுக் காலையில் இணைப்பைப் பிடுங்கும்போது ஒரு சிறு பொறி பறந்தால், மின்கலவடுக்கின் மூடி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எனவே கதவு, யன்னல் திறந்திருக்க வேண்டும். முதலில் மின்னேற்றியின் ஆளியை மூடிவிட்டுப் பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். கண்ணில் அமிலம் பட்டால் உடனே நிறைய நீரால் நீண்ட நேரம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நிலத்தில் சிந்திய அமிலத்துக்கு அப்பச்சோடா தூவலாம். ஆனால் கண்ணுக்கு நீர் மட்டுமே.

மழையும் தூசும்

யட்டியாந்தோட்டைக்கு மழை புதிதன்று. மின்கலவடுக்கின் மேற்பரப்பில் படியும் தூசு, ஈரம், அமிலத் துளி மூன்றும் சேர்ந்தால் அது மெல்லிய கடத்திப் படையாகிவிடும். இதனூடாக இரு முடிவிடங்களுக்கும் இடையில் சிறு மின்னோட்டம் இரவும் பகலும் கசியும். இதில் தீ வராது, ஆனால் சில வாரங்களில் மின்கலவடுக்கு இறங்கிவிடும். சோதிப்பது இலகு. வோல்ற்றுமானியின் ஒரு முனையை மறை முடிவிடத்திலும் மறு முனையை மேற்பரப்பின் பிளாத்திக்கிலும் வையுங்கள். காவலி மீது வைத்தும் வாசிப்பு காட்டினால் கசிவு இருக்கிறது. துடைத்து, உலர்த்தி, முடிவிடங்களில் வசிலின் பூச வேண்டும்.

கலத்தின் உள்ளேயும் குறுஞ்சுற்று நேரலாம். குலுங்கும் பாதையில் ஓடும்போது தட்டுகளிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் படியும். அப்படிவு உயர்ந்து நேர்த் தட்டையும் மறைத் தட்டையும் தொட்டால் அந்தக் கலம் செத்துவிடும். 12 வோல்ற்று இருந்த இடத்தில் 10 வோல்ற்று அளவே காட்டும். இலிதியம் அயன் கலங்களில் உட்குறுஞ்சுற்று இதைவிடக் கடுமையானது. ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். 2013 ஜனவரியில் பொஸ்ரன் விமான நிலையத்தில் நின்ற போயிங் 787 விமானமொன்றின் மின்கலவடுக்கு இவ்வாறே எரிந்தது. அதே மாதம் அவ்வகை விமானங்கள் யாவும் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. பெரிய மின்கார்களில் வோல்ற்று நூற்றுக்கணக்கில் இருப்பதால், அவற்றின் உயர் அழுத்த மின்கலவடுக்கின் எந்த முனையும் சட்டகத்துடன் இணைக்கப்படுவதில்லை. ஒரு வயர் தவறுதலாகச் சட்டகத்தைத் தொட்டாலும் சுற்று முழுமையடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். அத்தகைய கலங்களில் வீட்டில் கைவைக்கக் கூடாது. இலங்கைப் பொறியியலாளர் 2013 இல் தொடங்கிய 'வேகா' மின் ஸ்போர்ட்ஸ் கார் முயற்சி போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்களின் வேலை அது.

முதல் தடவை மின் கொடுக்கும்போது

வயர்கள் எல்லாம் பூட்டியாகிவிட்டன. எங்காவது தவறு இருக்கிறதா என்று தெரியாது. அனுபவமுள்ளவர்கள் மின்கலவடுக்கை நேரடியாக இணைக்க மாட்டார்கள். மறை முடிவிடத்துக்கும் அதன் கேபிளுக்கும் இடையில் 12 வோல்ற்று, 21 உவாற்று மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைப்பார்கள். எல்லா ஆளிகளும் மூடியிருக்கும்போது குமிழ் எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ குறுஞ்சுற்று. ஆனால் பாய்வது 21 ÷ 12 = 1.75 அம்பியர் மட்டுமே. எந்த வயரும் சூடாகாது, ஆறுதலாகத் தேடலாம். ஒவ்வோர் உருகியாகக் கழற்றிக்கொண்டு வர, எதைக் கழற்றும்போது குமிழ் அணைகிறதோ அந்தச் சுற்றில்தான் பழுது. இதன்போது ஸ்டார்ட்டரை மட்டும் இயக்க முயலக் கூடாது. ஒரு பழைய சிக்னல் குமிழின் செலவில் ஒரு கார் தப்புகிறது. செய்முறைப் பாடத்தில் சிறிய உலர்கலங்களையும் டோர்ச் குமிழையும் கொண்டு இதையே நீங்கள் செய்து பார்க்கலாம்.

மாதிரி வினா

ஒரு வீட்டுக் காரில் மின்கலவடுக்கு (12 வோல்ற்று, அகத்தடை 0.01 ஓம்) பின்புறத்தில் உள்ளது. மறை முடிவிடம் சட்டகத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நேர் முடிவிடத்திலிருந்து முன்னாலுள்ள ஸ்டார்ட்டருக்குச் செல்லும் 3 மீற்றர் கேபிளின் தடை 0.002 ஓம். ஸ்டார்ட்டர் இயங்கும்போது 150 அம்பியர் பாய்கிறது.

(அ) கேபிளில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி யாது?
(ஆ) கேபிளின் நடுப்பகுதி உறை உரிந்து சட்டகத்தைத் தொட்டால் பாயும் மின்னோட்டம் யாது?
(இ) இந்தக் கேபிளில் 15 அம்பியர் உருகி ஏன் பயன்படாது?
(ஈ) பந்தயக் கார்களில் உள்ள பிரதான ஆளியை ஓட்டுநரின் முன்னால், இந்தக் கேபிளின் ஸ்டார்ட்டர்ப் பக்கத்தில் வைப்பதா, மின்கலவடுக்கின் அருகில் வைப்பதா சிறந்தது?

விடை

(அ) 150 × 0.002 = 0.3 வோல்ற்று.

(ஆ) கேபிளின் பாதித் தடை 0.001 ஓம். மொத்தம் 0.011 ஓம். 12 ÷ 0.011 = 1090 அம்பியர் அளவில். சட்டகத்தின் தடை புறக்கணிக்கப்பட்டது என்பதையும் எழுதுக.

(இ) ஸ்டார்ட்டரை இயக்கும் ஒவ்வொரு முறையும் 150 அம்பியர் பாய்வதால் உருகி உடனே எரிந்துவிடும். உருகியின் காவல் இல்லாததால் இக்கேபிளுக்குத் தடித்த உறை, இறப்பர் வளையங்கள், இறுக்கமான பிடிகள் ஆகியவை மற்ற எந்த வயரையும்விடக் கூடுதலாகத் தேவை.

(ஈ) மின்கலவடுக்கின் அருகில். முன்னால் வைத்தால் ஆளியை மூடிய பின்பும் அதற்கும் மின்கலவடுக்குக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 3 மீற்றர் கேபிள் மின்கலவடுக்குடன் இணைந்தே இருக்கும். மோதலில் நசுங்கக்கூடியது அந்தக் கேபிள்தான். மின்கலவடுக்கின் அருகே ஆளியைப் பொருத்தி, அதை இழுக்கும் கம்பியை மட்டும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டு வரலாம். பந்தயக் கார்களின் வெளிப்புறத்தில் நீல முக்கோணத்தினுள் சிவப்பு மின்னல் குறி இருக்கும் இடத்தில் வெளியேயிருந்து இழுக்கும் பிடியும் உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் மின்பிறப்பாக்கி தொடர்ந்து மின்னைத் தரும் என்பதால், அதே ஆளி எஞ்சினையும் நிறுத்துமாறு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தையும் எழுதியவருக்கே முழுப் புள்ளி.